மூடி வைத்த மடிக்கணினியில் பேட்டரி வடிகிறது: லினக்ஸ் கெர்னலை மீண்டும் தொகுத்தால் சரியாகுமா?

கேள்வி: லினக்ஸ் நிறுவிய என் மடிக்கணினியை இரவில் மூடி வைத்தால், விடிவதற்குள் பேட்டரி பாதியாகிவிடுகிறது. கெர்னலை மீண்டும் தொகுத்தால் சரியாகும் என்று சிலர் சொல்கிறார்கள். அது உண்மையா?

பதில்:

எனக்குச் சரியாயிற்று. ஆனால் முதல் முறை தொகுத்தபோது அல்ல, இரண்டாம் முறை தொகுத்தபோது. முதல் முறை செலவிட்ட உழைப்பு ஏன் வீணானது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது என்று நினைப்பதால், அந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். கெர்னல் என்பது வன்பொருளை இயக்கும் லினக்ஸின் மையப்பகுதி. அதன் மூலநிரலை இயங்கும் வடிவாக்குவதுதான் தொகுத்தல். எந்த வசதியைச் சேர்ப்பது, எதை விடுவது என்று சொல்லும் அமைப்பே தெரிவு. கோப்புகள், தெரிவுகள் ஆகியவற்றின் பெயர்களை ஒலிப்படியே தமிழில் எழுதியிருக்கிறேன்.

நான் பட்டர்வொர்த்தில் குடியிருந்து, ஜார்ஜ்டவுனில் ஓர் அலுவலகத்துக்கு நாள்தோறும் படகில் சென்று வருகிறவன். என் மடிக்கணினியில் இருப்பது ரைசன் 5 4500யூ செயலி. வீட்டில் மூடிப் பைக்குள் வைத்த கணினியை அக்கரையில் இறங்கி எடுத்தால், அப்போதுதான் வேலை செய்து முடித்ததுபோல அடிப்பக்கம் சூடாக இருக்கும். பினாங்கு வெயிலில் பை சூடேறுவது புதிதல்ல என்று சில வாரங்கள் அதைப் பொருட்படுத்தாமல் இருந்துவிட்டேன். பிறகு பழுதுபார்க்கும் கடை ஒன்றில் காட்டியபோது, அங்கிருந்த தம்பி திருகாணியைக்கூடக் கழற்றாமல், "பேட்டரி செத்துப் போச்சுண்ணே, மாத்திடுங்க" என்றார். விலையைக் கேட்டதும், வீட்டுக்குப் போய் ஒரு முறை அளந்து பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றியது.

அளப்பதற்குத் தனி மென்பொருள் தேவையில்லை. /சிஸ்/கிளாஸ்/பவர்_சப்ளை என்னும் கோப்பகத்தில் பேட்டரியின் பெயரிலுள்ள உட்கோப்பகத்தில், எனர்ஜி_ஃபுல்_டிசைன் என்ற கோப்பு பேட்டரி புதிதாக இருந்தபோது இருக்க வேண்டிய கொள்ளளவையும், எனர்ஜி_ஃபுல் இன்றைய கொள்ளளவையும், எனர்ஜி_நவ் இந்த நொடியின் இருப்பையும் மைக்ரோவாட்-மணி அளவில் சொல்லும். பத்து லட்சத்தால் வகுத்தால் வாட்-மணி கிடைக்கும். (சில கணினிகளில் எனர்ஜி என்பதற்குப் பதிலாகச் சார்ஜ் என்று தொடங்கும் கோப்புகள் இருக்கும், அவை மைக்ரோஆம்பியர்-மணி.) என் பேட்டரி 50 வாட்-மணிக்கு 47 காட்டியது, ஆகவே அது சாகவில்லை. அன்றிரவு மூடும்போது 43, ஒன்பது மணி நேரம் கழித்துத் திறந்தபோது 16. அதாவது உறங்குவதாகச் சொல்லிக்கொண்ட கணினி மணிக்கு 3 வாட்-மணி வீதம் மின்சாரத்தைத் தின்றிருக்கிறது. நீங்களும் இந்தக் கணக்கை முதலில் போடுங்கள். இரவு முழுவதற்கும் 2 அல்லது 3 வாட்-மணிதான் குறைகிறது என்றால் உங்கள் சிக்கல் உறக்கத்தில் இல்லை. கீழே எழுதுவது எதுவும் உங்களுக்குப் பயன்படாது.

அடுத்ததாக /சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப் என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். அதில் "டீப்" என்ற சொல் இருந்தால், நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் விட்டு மற்றவற்றை அணைக்கும் பழைய எஸ்3 உறக்கத்தை உங்கள் கணினியின் ஃபர்ம்வேர் (தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) அனுமதிக்கிறது என்று பொருள். என் கணினியில் "எஸ்2ஐடில்" மட்டுமே இருந்தது. இந்த வகை உறக்கத்தில் கணினி அணைவதில்லை. எல்லாக் கருவிகளும் ஓய்ந்த பின் செயலி தானாகவே ஆழ்ந்த நிலைக்கு இறங்க வேண்டும். இறங்கலாம் என்று அதற்கு யாராவது சொல்லவும் வேண்டும். ஏ.எம்.டி. செயலிகளில் அதைச் சொல்லும் இயக்கியின் (டிரைவர்) பெயர் ஏஎம்டி_பிஎம்சி. அது லினக்ஸ் கெர்னலுக்குள் வந்தது 2021-ஆம் ஆண்டு வெளியான 5.11 பதிப்பில்தான். நான் அப்போது ஓட்டிக்கொண்டிருந்தது 5.10. திரை அணைகிறது, விசிறி நிற்கிறது, மின்விளக்குகூட உறங்குவதுபோல மினுக்குகிறது. செயலி மட்டும் விழித்திருக்கிறது. (ஏ.எம்.டி. 1970-களின் தொடக்கத்திலேயே நம் பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஆலை தொடங்கியது. பிறந்த ஊருக்கே வந்தும் உறங்காத சில்லாக இருக்குமோ என்று வேடிக்கையாக நினைத்துக்கொண்டேன்.)

கெர்னலைத் தொகுக்க வேண்டுமா என்பதை முடிவு செய்யும் இடம் /பூட் கோப்பகத்திலுள்ள கான்ஃபிக் கோப்பு, அதாவது கெர்னல் எந்தத் தெரிவுகளோடு தொகுக்கப்பட்டது என்ற பட்டியல். உங்களுக்குத் தேவையான தெரிவின் பெயரை அதில் தேடினால் மூன்றில் ஒன்று நேரும். பெயருக்கு எதிரே "ஒய்" அல்லது "எம்" என்று இருந்தால் அந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது. மீண்டும் தொகுப்பதால் எதுவும் மாறாது. "இஸ் நாட் செட்" என்று இருந்தால் மூலநிரலில் வசதி இருக்கிறது, விநியோகத்தார் (உங்கள் லினக்ஸைத் தயாரித்து வெளியிடுபவர்கள்) அதை அணைத்துவிட்டார்கள். அதே பதிப்பை மீண்டும் தொகுத்தாலே போதும். அப்படி ஒரு வரியே இல்லை என்றால், பெரும்பாலும் அந்தப் பதிப்பில் வசதியே இல்லை. அதே மூலநிரலை எத்தனை முறை தொகுத்தாலும் இல்லாதது வந்துவிடாது, புதிய பதிப்புத்தான் வேண்டும். நான் மூன்றாவது வகையைச் சேர்ந்தவன்.

இணையத்தில் "கெர்னலைத் தொகுத்துப் பாருங்கள்" என்ற அறிவுரை இன்றும் உலவுவதற்குக் காரணம் உண்டு. கணினியின் மின்பயன்பாட்டைக் கட்டுப்படுத்த 1992-இல் வந்த ஏபிஎம் முறையும் 1996-இன் இறுதியில் வெளியான ஏசிபிஐ முறையும் ஒன்றாக இயங்க மாட்டா. 2.4 கெர்னல் காலத்தில் ஏசிபிஐ வேண்டுமென்றால், பேட்டரி, பொத்தான், விசிறி, வெப்பம் என ஒவ்வொரு தெரிவையும் நாமே இயக்கித் தொகுக்க வேண்டியிருந்தது. அந்தத் தலைமுறையினர் சொல்வது தவறன்று, பழையது. செயலியின் வேகக் கட்டுப்பாடு, யூஎஸ்பி ஓய்வு, பிசிஐ இணைப்புகளின் மின்சேமிப்பு ஆகியவற்றை இன்று ஓடும் கெர்னலிலேயே மாற்றலாம். பவர்டாப் அல்லது டிஎல்பி என்னும் மின்சேமிப்பு மென்பொருள் போதும்.

தொகுத்த கதைக்கு வருகிறேன். நான் எடுத்தது 2021 அக்டோபர் 31 அன்று வெளியான 5.15, நீண்டகால ஆதரவு அறிவிக்கப்பட்ட பதிப்பு. பழைய கான்ஃபிக் கோப்பை நகலெடுத்து வைத்து, புதிய தெரிவுகளுக்கு இயல்பு மதிப்பையே இட்டுக்கொள்ளும்படி "மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்" கொடுத்தேன். விநியோகத்தின் கான்ஃபிக் கோப்பில் உள்ள எல்லா மாட்யூல்களையும் (தேவைப்படும்போது மட்டும் கெர்னலில் ஏற்றப்படும் துண்டுகள்; "எம்" குறிப்பது இவற்றைத்தான்) தொகுக்க என் கணினிக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும் என்பதால், "மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்" என்ற குறுக்குவழியையும் எடுத்தேன். அது இப்போது ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடும். தொகுப்பு தொடங்கிய சில நிமிடங்களில் ஒரு சான்றிதழ்க் கோப்பைக் காணோம் என்று நின்றது. விநியோகத்தார் தங்கள் சான்றிதழின் பெயரை சிஸ்டம்_டிரஸ்டட்_கீஸ் தெரிவில் எழுதி வைத்திருப்பார்கள். கெர்னலின் பொது மூலநிரலில் அந்தக் கோப்பு இராது. அந்தத் தெரிவை வெறுமையாக்கியதும் வேலை ஓடியது. டீபக்_இன்ஃபோ தெரிவையும் அணைத்துவிடுங்கள். இல்லையேல் தொகுப்பு முடிவதற்குள் வட்டில் பல கிகாபைட் இடம் போய்விடும். "மேக் பின்டெப்-பிகேஜி" கட்டளை நிறுவத்தக்க பொதிகளை உருவாக்கித் தந்தது. நிறுவினேன், புதிய கெர்னல் எழுந்தது, மனநிறைவோடு மூடிவைத்துப் படுத்தேன்.

காலையில் பார்த்தால் அதே 27 வாட்-மணி இழப்பு.

யோசித்துப் பார்த்தால் அது அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும். ஏஎம்டி_பிஎம்சி என் பழைய கெர்னலில் இல்லாத தெரிவு. அதன் இயல்பு மதிப்பு "வேண்டாம்". ஆகவே ஓல்ட்டெஃப்கான்ஃபிக் அதை அணைத்தே வைத்தது. அது ஏற்றப்பட்ட மாட்யூலும் அன்று என்பதால் லோக்கல்மாட்கான்ஃபிக்கும் அதைச் சேர்க்கவில்லை. எந்த இயக்கிக்காகப் புதிய பதிப்பை இறக்கினேனோ அந்த இயக்கியை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் தொகுத்திருக்கிறேன். கல்யாண மண்டபத்தை அலங்கரித்துவிட்டு மாப்பிள்ளைக்கு மட்டும் பத்திரிகை வைக்காத கதை. புதிய கான்ஃபிக் கோப்பில் தேடியபோது "இஸ் நாட் செட்" என்ற வரி அமைதியாக உட்கார்ந்திருந்தது. நேற்று மூன்றாவது வகையாக இருந்தது இன்று இரண்டாவது வகைக்கு வந்திருந்தது, அவ்வளவுதான் முன்னேற்றம்.

"மேக் மெனுகான்ஃபிக்" கொடுத்து, டிவைஸ் டிரைவர்ஸ் பகுதிக்குள் எக்ஸ்86 தளத்துக்குரிய இயக்கிகளின் பட்டியலில் அதைத் தேடி "எம்" இட்டு, இரண்டாம் முறை தொகுத்தேன். ஏற்கெனவே தொகுத்தவை அப்படியே இருந்ததால் வேலை விரைவில் முடிந்தது. படுப்பதற்கு முன், ஏற்றப்பட்ட மாட்யூல்களைக் காட்டும் "எல்எஸ்மாட்" பட்டியலில் ஏஎம்டி_பிஎம்சி இருக்கிறதா என்பதை உறுதி செய்துகொண்டேன். மூடும்போது 43 வாட்-மணி, ஒன்பது மணி நேரம் கழித்து 40.5. மறுநாள் படகிலிருந்து இறங்கி எடுத்தபோது அடிப்பக்கம் கைக்குச் சூடே தெரியவில்லை.

லோக்கல்மாட்கான்ஃபிக் செய்த இன்னொரு வேலை அந்த வாரமே தெரிந்தது. தொகுத்த நேரத்தில் பென்டிரைவ் எதுவும் செருகியிராததால், யூஎஸ்பி சேமிப்புக்கான மாட்யூல் புதிய கெர்னலில் இல்லை. அலுவலகத்தில் ஒருவர் கோப்பு கேட்டு நீட்டிய பென்டிரைவை என் கணினி ஏறிட்டும் பார்க்கவில்லை. அந்தக் குறுக்குவழியை எடுப்பதானால், நீங்கள் பயன்படுத்தும் எல்லாக் கருவிகளையும் ஒரு முறை செருகி எடுத்த பிறகு எடுங்கள். பழைய கெர்னலை எக்காரணம் கொண்டும் நீக்காதீர்கள். எனக்கு அன்று கைகொடுத்தது, கணினி எழும்போது கெர்னலைத் தேர்ந்தெடுக்க விடும் கிரப் பட்டியலில் இருந்த அந்தப் பழைய கெர்னல்தான்.

செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பமுள்ள மென்பொருளை மட்டும் எழவிடும் பாதுகாப்பு) இயங்கும் கணினியில், கையொப்பமிடாத கெர்னல் எழாது. நான் அதை அணைத்துவிட்டேன். அணைக்க விரும்பாதவர்கள் சொந்தச் சாவியை மோக் என்னும் நம்பகச் சாவிகளின் பட்டியலில் பதிந்து அதனால் கையொப்பமிட வேண்டும். ஆனால் செக்யூர் பூட் இருக்கும்போது பல விநியோகங்களின் கெர்னல் ஹைபர்னேட் (நினைவகத்தில் இருப்பதை வட்டில் எழுதிவிட்டு முழுவதும் அணைவது) செய்ய விடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்கள் கணினியின் கான்ஃபிக் கோப்பில் தேவையான வரியே இல்லை என்றால், தொகுப்பதற்கு முன் உங்கள் விநியோகத்தின் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்தில் (பழைய வெளியீட்டுக்கும் புதிய மென்பொருளைத் தரும் இடம்) புதிய கெர்னல் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி ஒரு வழி இருப்பது எனக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. தெரிந்திருந்தால் இரண்டு இரவுகள் மிச்சமாகியிருக்கும். இப்போது நான் விநியோகத்தின் 6.1 கெர்னலையே பயன்படுத்துகிறேன். அதில் ஏஎம்டி_பிஎம்சிக்கு எதிரே "எம்" இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் நானே தொகுத்ததை நீக்கினேன்.