செயல்திறன் தணிக்கையைப் பன்னாட்டு ஃபெலோஷிப் வழியே கற்பது: கேள்வி பதில்

அரசுத் தணிக்கைப் பணியில் உள்ள நண்பர்கள் பலர், செயல்திறன் தணிக்கை குறித்தும் அதைக் கற்றுத்தரும் பன்னாட்டு ஃபெலோஷிப் திட்டங்கள் குறித்தும் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். அத்தகைய திட்டமொன்றில் பயின்று, அதன் பின்னும் இதே பணியில் தொடர்பவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, நான் பல ஆண்டுகளாக நிதித் தணிக்கையில் இருக்கிறேன். வவுச்சர், ரசீது, ஒப்பளிப்பு ஆணை என்று பார்த்தே பழகிவிட்டேன். செயல்திறன் தணிக்கைக்கு வந்தால் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்குமா?

வேண்டியதில்லை. ஆவணத்தைப் பார்த்தவுடன் எதை நம்பலாம், எதை மீண்டும் சரிபார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுகிறதே, அந்தப் பழக்கம் இங்கே பெரும் பலம். மாறுவது கேள்விதான். கணக்குகள் உண்மை நிலையைக் காட்டுகின்றனவா என்று நிதித் தணிக்கை பார்க்கிறது. சட்டமும் விதியும் பின்பற்றப்பட்டனவா என்று இணக்கத் தணிக்கை பார்க்கிறது. எல்லாம் விதிப்படியே நடந்திருந்தாலும் மக்களுக்குச் சேர வேண்டிய பயன் சேர்ந்ததா, அது சிக்கனமாகவும் திறம்படவும் சேர்ந்ததா என்று செயல்திறன் தணிக்கை பார்க்கிறது. ஒரு விதியும் மீறப்படாமலே ஒரு திட்டம் முழுவதுமாகப் பயனற்றுப் போகலாம் என்பதை ஏற்கும்போதுதான் இந்தத் தணிக்கையின் தேவை புரிகிறது. இந்த நோக்கங்கள் யாவும் அடிப்படையில் சம முக்கியத்துவம் உடையவை என்று, உலக நாடுகளின் உச்சத் தணிக்கை நிறுவனங்களின், அதாவது ஒவ்வொரு நாட்டிலும் அரசுக் கணக்கைத் தணிக்கை செய்யும் தலைமை அமைப்புகளின், கூட்டமைப்பான இன்டோசாய் 1977-ஆம் ஆண்டின் லிமா பிரகடனத்திலேயே அறிவித்துவிட்டது. ஆகவே ஒன்றை உயர்ந்ததாகவும் மற்றொன்றைத் தாழ்ந்ததாகவும் கருதிக்கொண்டு வர வேண்டாம்.

கேள்வி: எந்தெந்தத் திட்டங்கள் உள்ளன? கல்லூரி மாணவர்கள் விண்ணப்பிக்கலாமா?

நீண்டகாலமாக நடந்துவருபவற்றில் இரண்டைக் குறிப்பிடலாம். அமெரிக்க அரசுப் பொறுப்புடைமை அலுவலகம், அதாவது ஜிஏஓ, 1979 முதல் வாஷிங்டனில் நடத்திவரும் பன்னாட்டுத் தணிக்கையாளர் ஃபெலோஷிப் ஏறக்குறைய நான்கு மாதப் பயிற்சி. கனடாவில் 1980-இல் தொடங்கிய திட்டம் இதைவிட நீண்டது. அங்கே பயில்வோர் கனடாவின் தணிக்கை அலுவலகங்களில் செயல்திறன் தணிக்கைக் குழுக்களோடு சேர்ந்து பணியாற்றிக் கற்கிறார்கள். முதல் வகையில் பல நாட்டுத் தணிக்கையாளர்களோடு உட்கார்ந்து விவாதிக்கும் வாய்ப்பு அதிகம். இரண்டாம் வகையில் ஒரு தணிக்கை உள்ளிருந்து எப்படி உருவாகிறது என்பதை நெருங்கிப் பார்க்கலாம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கிடைத்தால், நடக்கும் தணிக்கையில் நேரடியாகப் பங்குபெறும் திட்டத்தையே நான் பரிந்துரைப்பேன்.

இவை தணிக்கை நிறுவனங்களில் ஏற்கெனவே பணிபுரியும் அலுவலர்களுக்கானவை. நிறுவனம்தான் பெயரை முன்மொழிய வேண்டும். மாணவர்களுக்கு வாய்ப்பில்லை. பயணச் செலவையும் தங்கும் செலவையும் யார் ஏற்பது என்பது திட்டத்துக்குத் திட்டம் வேறுபடும் என்பதால், அதை எழுத்துமூலம் உறுதிசெய்த பிறகே மற்ற ஏற்பாடுகளில் இறங்குங்கள்.

கேள்வி: அங்கே உண்மையில் எதைக் கற்றுத்தருகிறார்கள்? தரநிலைகளைப் படிக்க வேண்டுமென்றால் அவை இணையத்திலேயே கிடைக்கின்றனவே?

நியாயமான கேள்வி. இன்டோசாயின் பன்னாட்டுத் தணிக்கைத் தரநிலைகளை ஐசாய் என்பார்கள். அவற்றில் செயல்திறன் தணிக்கையின் கோட்பாடுகளைச் சொல்லும் ஐசாய் 300, அதன் தரநிலையான ஐசாய் 3000 ஆகிய இரண்டையும் வீட்டிலிருந்தே படித்துவிடலாம். படித்துவிட்டுத்தான் போக வேண்டும். அங்கே கிடைப்பது, நாம் எழுதியதை அனுபவசாலிகள் வரிவரியாகக் கேள்வி கேட்கும் பயிற்சி.

பெரும்பாலோர் முதலில் தடுமாறுவது தணிக்கைக் கேள்வியை எழுதும் இடத்தில்தான். உதாரணமாக, அவசர ஆம்புலன்ஸ் சேவையைத் தணிக்கை செய்வதாக வைத்துக்கொள்வோம். “சேவை நன்றாக இயங்குகிறதா?” என்று எழுதினால், எதை வைத்து நன்று என்பீர்கள் என்ற எதிர்க்கேள்வி உடனே வரும். அதைத் திருத்தித் திருத்தி, “அழைப்பு வந்ததிலிருந்து, சேவை தனக்கென வகுத்த கால அளவுக்குள் வண்டி சென்றடைந்த அழைப்புகள் எத்தனை விழுக்காடு; தவறியவை எந்தப் பகுதிகளில், எந்த நேரங்களில், எக்காரணத்தால்?” என்பதுபோல் ஒரு வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதன் பிறகே வடிவமைப்பு அட்டவணை. ஜிஏஓ பயன்படுத்தும் அட்டவணையில் கேள்வி, அதற்குத் தேவையான தகவலும் அது கிடைக்கும் இடமும், ஆய்வு முறை, அம்முறையின் வரம்புகள் என்று பத்திகள் வரிசையாக வரும். கடைசிப் பத்தி, இந்த ஆய்வு முடிந்ததும் நம்மால் என்ன சொல்ல முடியும் என்பது. களத்துக்குப் போகும் முன்பே இதை நிரப்ப வேண்டியிருப்பதால், எதற்கும் விடை தராத தகவலை மாதக்கணக்கில் திரட்டும் வீண்வேலை பெருமளவு தவிர்க்கப்படுகிறது. ஒரேயொரு கருவியைத்தான் ஊருக்கு எடுத்துச் செல்லலாம் என்றால் நான் இந்த அட்டவணையைத்தான் எடுத்துச் செல்வேன்.

அதே ஆம்புலன்ஸ் உதாரணத்தில் தரவை எப்படி அணுகுவது என்றும் பாருங்கள். வண்டி சென்றடைந்த நேரத்தை யார் பதிகிறார்? ஓட்டுநர் கருவியில் பொத்தானை அழுத்துகிறார் என்றால், நோயாளியின் வாசலில் அழுத்துகிறாரா, தெருமுனையிலேயே அழுத்திவிடுகிறாரா? கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது: அழைப்பு எடுக்கப்பட்டபோதா, வண்டிக்கு உத்தரவு போனபோதா? உத்தரவிலிருந்து கணக்கிட்டால், வண்டி கிடைக்காமல் அழைத்தவர் காத்திருந்த நேரம் முழுவதும் கணக்கிலிருந்து விழுந்துவிடும். துறை தரும் சராசரியில் கூட்டல் பிழை ஒன்றுகூட இருக்காது. ஆனால் நாம் கேட்ட கேள்விக்கு அது விடை அல்ல. இத்தகைய இடங்களை மோப்பம் பிடிக்கும் திறன் புத்தகத்திலிருந்து வருவது கடினம்.

கண்டறிதலை, அதாவது தணிக்கையில் தெரியவந்ததை, எழுதும்போது நான்கு கூறுகள் கேட்பார்கள்: எப்படி இருக்க வேண்டும் என்ற அளவுகோல், எப்படி இருக்கிறது என்ற நிலை, ஏன் இந்த இடைவெளி என்ற காரணம், அதனால் நேர்ந்த விளைவு. இவற்றில் காரணம்தான் எப்போதும் மெலிந்திருக்கும். “ஆள் பற்றாக்குறை” என்று எழுதிவிடுவது எளிது. அதே பற்றாக்குறை உள்ள இன்னொரு பகுதியில் வண்டிகள் நேரத்துக்குச் செல்கின்றனவே, அது எப்படி என்று தேடாதவரை அந்தக் காரணம் வெறும் ஊகம். காரணம் தவறினால் பரிந்துரையும் தவறான இடத்தில் போய் நிற்கும்.

கேள்வி: எனக்குப் புள்ளியியல் அவ்வளவாக வராது. தடையாகுமா?

ஆகாது. மாதிரி எடுப்பின் அடிப்படையும், ஒரு மாதிரியிலிருந்து எந்த அளவுக்குப் பொதுமைப்படுத்தலாம் என்ற தெளிவும் போதும். பெரிய அலுவலகங்களில் இதற்கென வல்லுநர்கள் உண்டு. அவர்களிடம் சரியான கேள்வியைக் கேட்கத் தெரிந்தால் சரி. எழுத்துத்திறனில்தான் நான் அதிகக் கவனம் செலுத்தச் சொல்வேன்.

கேள்வி: அரசின் கொள்கையே தவறு என்று தணிக்கையாளர் எழுதலாமா?

கூடாது. சட்டமன்றமோ நாடாளுமன்றமோ எடுத்த முடிவின் தகுதியை எடைபோடுவது நம் வேலையன்று. அந்த முடிவை நிறைவேற்றிய விதம், அது தனக்கென வைத்த இலக்கை எட்டியதா என்பது, செயலாக்கத்தில் இருந்த குறைகள் ஆகியவை நம் எல்லைக்குள் வருகின்றன. இந்த எல்லையைக் காப்பதால்தான் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே அறிக்கையை நம்பி விவாதிக்க முடிகிறது.

கேள்வி: அறிக்கை வந்ததும் தணிக்கைக்குட்பட்ட துறை அதை மறுத்துச் சண்டைக்கு வருகிறது. அங்கே இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் ஐயா?

இரண்டு நடைமுறைகளைச் சொல்கிறேன். ஜிஏஓவில் வரைவு அறிக்கையின் ஒவ்வொரு தகவலும் எந்தச் சான்றிலிருந்து வந்தது என்று குறிக்கப்பட்டிருக்கும். அந்தத் தணிக்கையில் பங்குபெறாத வேறொரு தணிக்கையாளர் அவை ஒவ்வொன்றையும் சான்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். “பெரும்பாலான நிலையங்களில்” என்று எழுதியிருந்தால், எத்தனையில் எத்தனை என்று கேட்பார். சான்று தாங்காத சொல்லை நீக்கவோ மாற்றவோ வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், ஆனால் அறிக்கையின் நம்பகத்தன்மை இதில்தான் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்வேன். அடுத்ததாக, வரைவைத் துறைக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கிறார்கள். துறை எழுத்துமூலம் தரும் பதில் கடிதத்தை அறிக்கையோடு சேர்த்தே வெளியிட்டு, தங்கள் மறுமொழியையும் எழுதுகிறார்கள். வாசிப்பவர் இரு தரப்பையும் பார்த்துக்கொள்ளலாம். அளவுகோல்களைத் தணிக்கையின் தொடக்கக் கூட்டத்திலேயே துறையோடு பேசிவிட்டால், இறுதியில் வரும் சச்சரவில் கணிசமான பகுதி எழாமலே போகும்.

கேள்வி: திரும்பி வந்தபின் என் அலுவலகத்தில் இதற்கெல்லாம் இடமில்லாவிட்டால்?

இது பலரையும் வாட்டும் கவலை. புறப்படும் முன்பே உங்கள் மேலதிகாரியோடு உட்கார்ந்து, திரும்பியதும் எந்த ஒரு தணிக்கையில் இதைச் செய்து பார்ப்பது என்று பேசி வையுங்கள். பயிற்சியின்போது, சொந்த நிறுவனத்தில் கொண்டுவர விரும்பும் மாற்றத்துக்கான திட்டம் ஒன்றைத் தயாரிக்கச் சொன்னால், கையேட்டையே மாற்றி எழுதும் பெருந்திட்டம் வேண்டாம். அடுத்த தணிக்கையில் வடிவமைப்பு அட்டவணையைக் கட்டாயமாக்குவது, வரைவு அறிக்கையைக் குழுவுக்கு வெளியே உள்ள ஒருவர் சரிபார்ப்பது என்ற அளவில் எழுதுங்கள். இவ்விரண்டுக்கும் புதிய சட்டமோ புதிய நிதி ஒதுக்கீடோ தேவையில்லை, பிரிவுத் தலைவரின் ஒப்புதலே போதும். அத்துடன் பழைய அறிக்கைகளின் பரிந்துரைகளைப் பட்டியலிட்டு, எவை நிறைவேறின, எவை கிடப்பில் கிடக்கின்றன என்று பாருங்கள். “தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்” என்று முடியும் பரிந்துரைகள் நிறைவேறினவா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது என்பது அந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிடும். அதை மேலதிகாரியிடம் காட்டி, யார், எதை, எப்போதுக்குள் செய்ய வேண்டும் என்று இனி எழுதலாம் என்று கேளுங்கள்.