வயலட் நோட்: வந்துட்டு வந்துட்டு காணாம போற வாசம்

போன தடவை காட்டு வயலட் பூவை பத்தி ஒரு வரி தான் சொன்னேன், அதுக்கே வயலட் நோட், அதாவது பெர்ஃப்யூம்ல வர்ற வயலட் வாசம் பத்தி இவ்ளோ கேள்வி. முடிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

கே: அடிச்ச உடனே சூப்பரா இருக்கு, 2 நிமிஷத்துல சுத்தமா போயிடுது. ஆனா பக்கத்துல இருக்கவங்க இன்னும் வாசம் வருதுங்கறாங்க. டூப்ளிகேட் பாட்டிலா?

பாட்டில் மேல தப்பு இல்லீங்க, எல்லாம் உங்க மூக்கு பண்ற வேலை. வயலட் வாசத்துக்கு காரணம் அயனோன்னு ஒரு கெமிக்கல், அது மூக்குல வாசத்தை பிடிக்குற ரிசப்டரை கொஞ்ச நேரத்துக்கு அசத்தி போட்டுடும், அப்புறம் வாசம் எதிர்லயே இருந்தாலும் மூளைக்கு தகவல் போகாது. கொஞ்சம் கழிச்சு ரிசப்டர் தெளிஞ்சதும் திடீர்னு புதுசா அடிக்குற மாதிரி திரும்ப வரும். வாசம் போச்சேன்னு மேல மேல ஸ்ப்ரே பண்ணாதீங்க ப்ளீஸ், லிஃப்ட்ல கூட வர்றவங்க பாவம்.

கே: எனக்கு பூ வாசமே தெரியல, லேசா புளிச்ச மாதிரி தான் இருக்கு. தங்கச்சி மட்டும் ஆஹா ஓஹோங்கறா.

ரெண்டு பேர் சொல்றதும் நிஜம் தான். அயனோன்ல ஒரு வகையான பீட்டா அயனோனை மோந்து பிடிக்குறது பெரும்பாலும் ஓஆர்5ஏ1-ங்கற ஒரே ஒரு ஜீன் கையில இருக்கு. அதுல ஒரு வகை இருக்கவங்களுக்கு பூ வாசம், இன்னொரு வகைன்னா வினிகர் மாதிரி புளிப்பு. பழகினா சரியாயிடும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, காசு குடுத்து வாங்கறதுக்கு முன்னாடி கையில அடிச்சு பாத்துடுங்க.

கே: 'ப்யூர் வயலட் பூ ஆயில்'னு விக்குறாங்களே, வாங்கலாமா?

எனக்கு நம்பிக்கை இல்ல. பூவுல இருந்து கிடைக்குற எண்ணெய் ரொம்ப ரொம்ப கம்மி, அதனால அந்த காலத்துலயே யானை விலை, இப்போ வியாபாரத்துக்குன்னு கிட்டத்தட்ட யாரும் எடுக்கறதே இல்ல. கதை மாறினது 1893ல. டீமன், க்ரூகர்னு ரெண்டு ஜெர்மன் கெமிஸ்ட்டுங்க வயலட் பூ கட்டுப்படியாகாதுன்னு அதே மாதிரி மணக்குற ஐரிஸ் கிழங்கை எடுத்து ஆராய்ச்சி பண்ண போயி, கடைசியில லேப்லயே அயனோனை செஞ்சுட்டாங்க. மூலப்பொருள் என்னன்னா சிட்ரால், நம்ம லெமன்கிராஸ் எண்ணெய்ல நிறைய இருக்குமே அது தான். எலுமிச்சை வாசத்துல ஆரம்பிச்சு வயலட்ல போய் முடியுதுன்னா பாருங்க, எனக்கு இன்னும் இந்த விஷயம் ஆச்சரியம் தான். அதனால சிந்தெடிக்னா மட்டம்னு நினைக்காதீங்க, 130 வருஷமா நாம வயலட்னு மோந்து பாக்குறதே இதை தான்.

கே: வயலட்னு எழுதியிருக்கு, ஆனா வெள்ளரிக்கா வாசம் அடிக்குது!

லேபிளை இன்னொரு தடவை படிங்க, வயலட் லீஃப்னு இருக்கும். அது பூ இல்ல, வயலட் செடியோட இலை; நறுக்கின வெள்ளரி, ஈரப்புல், கொஞ்சம் உலோக வாடை எல்லாம் சேர்ந்து வரும். 1988ல வந்த டியோரோட ஃபாரன்ஹீட் பெர்ஃப்யூம்ல பெட்ரோல் மாதிரி ஒண்ணு அடிக்குதுன்னு சொல்லுவாங்களே, அதுல இந்த இலைக்கு பெரிய பங்கு இருக்கு.

கே: தொட்டியில ஆஃப்ரிக்கன் வயலட் வெச்சிருக்கேன், வாசமே இல்லையே?

வராதுங்க. அது பேருக்கு தான் வயலட், குடும்பமே வேற.

கே: எது போட்டாலும் பழைய லிப்ஸ்டிக் மாதிரியே இருக்கு. வேற மாதிரி ஏதாவது?

லிப்ஸ்டிக்லயும் ஃபேஸ் பவுடர்லயும் ரோஸும் அயனோனும் சேத்து போடுறது ரொம்ப நாள் பழக்கம், அதான் மூக்கு நேரா மேக்கப் பெட்டிக்கு போயிடுது. ரோஸ் கூட வர்றதை விட்டுட்டு மரம், லெதர், இல்ல மழை ஈரம் மாதிரி நோட் கூட வர்றதா தேடுங்க. 1906ல கெர்லான்ங்கற பிரெஞ்சு கம்பெனி போட்ட 'ஆப்ரே லோன்டே' பெர்ஃப்யூம் அந்த வகை, பேருக்கு அர்த்தமே மழை விட்ட அப்புறம்னு தான். எங்கயாச்சும் டெஸ்டர் கிடைச்சா பேப்பர்ல அடிச்சு எடுத்துட்டு போங்க, ஒரேடியா மோந்துட்டே இருக்காம கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுத்து பாருங்க.