சிறிய ஆம்ப்ளிஃபயர், 4 ஓம் ஸ்பீக்கர்: பாஸ் (கனத்த அடித்தொனி) வந்தால் ஏன் அணைகிறது?

சுங்கை சிப்புட் வீட்டு ஹாலில் 4 ஓம் (மின்தடை), 84 டெசிபல் (ஒரு வாட்டுக்குத் தரும் சத்தம்) ஸ்பீக்கர் ஜோடி. டிபிஏ3116 சில்லு போட்ட சிறிய ஆம்ப்ளிஃபயர், கூடவே வந்த 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர். பாட்டில் உறுமி மேளம் அடித்தால் ஆம்ப்ளிஃபயரின் விளக்கு அணைந்து எரிகிறது என்கிறீர்கள். ஸ்பீக்கர் மேல் பழி போடாதீர்கள், அடாப்டர்தான் திணறுகிறது.

12 வோல்ட் அடாப்டரில் ஸ்பீக்கருக்குப் போகும் உச்சம் ஏறக்குறைய 11 வோல்ட். 4 ஓமில் ஒரு பக்கத்துக்கே 2.75 ஆம்பியர் இழுக்கும். 2 ஆம்பியர் எங்கே போதும்? அதிலும் 84 டெசிபல் பெட்டி, 90 டெசிபல் பெட்டியின் சத்தத்தைத் தர நாலு மடங்கு வாட் கேட்கும்.

பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் 4.74 ஆம்பியர் அடாப்டர் போடுங்கள். சத்தம் 4 டெசிபல் கூடும். அதற்கு முன் போர்டைத் திறந்து பெரிய கெபாசிட்டர்களை (மின்சாரம் தேக்கும் உருளைகளை) பாருங்கள்: 25 அல்லது 35 வோல்ட் என்றிருந்தால் சரி, 16 என்றிருந்தால் வேண்டாம், வீங்கி வெடிக்கும். பிளக்கின் நடுமுனை பாசிட்டிவா என்று மீட்டரில் பார்க்கவும்.

இரண்டு பக்க ஸ்பீக்கர்களின் மைனஸ் வயர்களையும் ஒன்றாக முறுக்கவே கூடாது. இந்தச் சில்லில் அவை எர்த் அல்ல, அவற்றிலும் சிக்னல் ஓடுகிறது. ஒரே பக்கத்தில் இன்னொரு 4 ஓம் ஸ்பீக்கரை இணையாகச் சேர்த்தால் 2 ஓம் ஆகிவிடும், அதுவும் வேண்டாம். தகரக் கூரை வீடென்றால் ஆம்ப்ளிஃபயரை அலமாரிக்குள் அடைக்காதீர்கள். மத்தியான வெக்கையில் சூடேறித் தானே நின்றுவிடும்.