கேஸ் ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள்

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று அட்மிஷன்போதே சொன்னோம். பித்தப்பை ஆபரேஷன் முடிந்த இரவு ஏதோ ஆன்டிபயாடிக் ஊசி போட்டதும் உடம்பெல்லாம் தடித்து, மூச்சு முட்டி, மூன்று நாள் ஐசியுவில் இருந்தார். இப்போது வீட்டில் நலம். தனியார் மருத்துவமனை. கேட்டால், "சில பேருக்கு இப்படி ஆகும்" என்கிறார்கள். பணம் வேண்டாம், என்ன நடந்தது என்று தெரிய வேண்டும். – திண்டுக்கல் வாசகர்

பதில்: டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். அது மருத்துவமனை எழுதிய கதைச்சுருக்கம். முழுக் கதை கேஸ் ஷீட்டில், அதாவது அட்மிஷன் முதல் டிஸ்சார்ஜ் வரை எழுதிய சிகிச்சைப் பதிவேட்டில் இருக்கிறது.

அதன் நகலைக் கேட்டு மருத்துவக் கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதி, அம்மாவையே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் சீலும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபால். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகள் சொல்கின்றன. நாளை மறுநாள் என்று இழுத்தால் இந்த விதியைச் சொல்லுங்கள், பேச்சு மாறும்.

நகல் வந்ததும் முதலில் அட்மிஷன் படிவத்தில் அலர்ஜி கட்டத்தைப் பாருங்கள். காலியா, "இல்லை" என்று இருக்கிறதா, பென்சிலின் என்று எழுதியிருக்கிறதா? அப்புறம் மருந்து சார்ட்: எந்த ஊசி, எத்தனை மணிக்கு, யார் கையெழுத்து. அதை பார்மசி பில்லோடு ஒத்துப்பாருங்கள்.

இங்கே ஒரு விஷயம். அமாக்ஸிசிலின், பைபரசிலின் எல்லாம் பென்சிலின் குடும்பம்தான். ஆனால் மருந்துக் குப்பியில் கம்பெனி வைத்த பெயர்தான் பெரிதாக இருக்கும். ராத்திரி வார்டையே ஒற்றை ஆளாகப் பார்க்கும் நர்ஸுக்கு அது பென்சிலின் என்று சட்டென உறைக்காமல் போகலாம். அதனால் "எந்த நர்ஸ்?" என்று தொடங்காதீர்கள். அந்தப் பெண்ணை வேலையை விட்டு அனுப்பிவிட்டுக் கதையை முடித்துவிடுவார்கள். நாங்கள் சொன்னது எங்கே எழுதப்பட்டது, மருந்து எழுதியவர் அதைப் பார்த்தாரா, ஊசிக்கு முன் யார் சரிபார்த்தார்கள் என்று நேரில் கேளுங்கள். என்ஏபிஎச் (மருத்துவமனைகளின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் தேசிய அமைப்பு) தரச்சான்று பெற்ற மருத்துவமனை என்றால், இத்தகைய சம்பவத்தைப் பதிவுசெய்து காரணத்தை ஆராய்ந்திருக்க வேண்டும். அதையும் கேளுங்கள். உங்கள் நினைவில் இருப்பதை நேரத்தோடு இன்றே எழுதிவையுங்கள்.

எழுத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு ஒரு வழக்கு. 1996ல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தை குறைமாதத்தில் பிறந்தது. செய்திருக்க வேண்டிய விழித்திரைப் பரிசோதனை நடக்கவில்லை, பார்வை போய்விட்டது. பெற்றோரை எச்சரித்ததற்கான தடயம் டிஸ்சார்ஜ் சம்மரியில் இல்லை. 2015ல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அந்த அப்பா விடாமல் நடந்த காலத்தை எண்ணிப்பாருங்கள்.

பேச்சில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும். உங்கள் ஊரிலேயே மனு கொடுக்கலாம். சிகிச்சைக்குக் கட்டியது 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. டாக்டர் மீது மட்டும் புகார் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். அங்கே இழப்பீடு கிடைக்காது. போலீஸ் புகாரைக் கடைசிக்கு வையுங்கள். மிக மோசமான அலட்சியம் என்று இன்னொரு மருத்துவர் கருத்துச் சொன்னால்தான் டாக்டர் மீது கிரிமினல் வழக்கு நகரும். 2005ல் உச்ச நீதிமன்றம் வகுத்த வரம்பு அது.

இதற்கெல்லாம் காத்திராமல் இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரியின் மேலேயே, எந்த மருந்தால் அலர்ஜி வந்தது என்று பெயரோடு எழுதித் திருத்தித் தரச் சொல்லுங்கள். அடுத்த முறை அம்மாவை எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாலும் டாக்டர் முதலில் புரட்டுவது அந்தத் தாளைத்தான்.