கால்நடை கேள்வி-பதில்: குட்டியானையில் எத்தனை ஆடு?

கோழியைக் காலைக் கட்டி, பைக்கில் தலைகீழாகத் தொங்கவிட்டுப் போகலாமா? (முக்கூடல்)

கூடாது. கூடை வாங்குங்கள்.

மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தையில் ஆடு பிடித்து ஊருக்குக் கொண்டுவருகிறேன். குட்டியானையில் எத்தனை ஏற்றலாம்? (வள்ளியூர்)

தலைக்கு 0.3 சதுர மீட்டர் இடம் வேண்டும் என்கிறது மோட்டார் வாகன விதி. 2016 முதல் அமலில் இருக்கிறது. வண்டித் தட்டு ஏழடிக்கு ஐந்தடி என்று வையுங்கள். வகுத்தால் பத்து, பதினோரு ஆடு. நம் ஆட்கள் ஏற்றுவது முப்பது! "நெருக்கி நின்னாத்தான் சார் விழாது" என்று நியாயம் வேறு. விழாதுதான். ஆனால் கால் மடங்கி ஒன்று உட்கார்ந்துவிட்டால் மற்றவை அதன் மேல் ஏறி நிற்கும், அப்புறம் அது எழவே எழாது. நாங்குநேரியில் ஒரு வண்டியை இறக்கும்போது அடியில் கிடந்த கிடாவைப் பார்த்தேன்: வயிறு உப்பி, நாக்கு ஒரு பக்கம் தள்ளி, காதில் சந்தைச் சாயம் இன்னும் காயவில்லை.

ஐந்து டன் லாரியானாலும் நாற்பதோடு சரி. தரையில் 5 செ.மீ. கனத்துக்கு வைக்கோல் பரப்பச் சொல்கின்றன, விலங்குகளை ஏற்றிச் செல்வதற்கான 1978 விதிகள். ஒரு கட்டு வைக்கோல் என்ன விலை வந்துவிடும்?

ஆடு பயணம் தாங்கும் என்ற கால்நடை மருத்துவர் சான்று, ஏற்றுவதற்கு முன் வாங்க வேண்டியது. நான் கால்நடை மருத்துவராகப் பணியில் இருந்தபோது, "ஆடு ஏறியாச்சு, ஒரு கையெழுத்து மட்டும்" என்று டீக்கடைவரை துரத்தி வருவார்கள். பார்க்காத ஆட்டுக்கு என்ன எழுத, அண்ணாச்சி?

மாட்டைப் பிடித்துவிட்டார்கள். என்ன செய்ய? (பாவூர்சத்திரம்)

யார் பிடித்தது, எங்கே, எத்தனை மாடு? ஒன்றையும் எழுதவில்லை. தெருவில் அலைந்ததென்று பட்டியில் அடைத்தார்களா, புளியரை சோதனைச் சாவடியில் லாரியோடு நிறுத்தினார்களா? லாரி என்றால் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றியிருக்கக் கூடாது. சந்தை ரசீதும் சான்றும் இருந்தால் வக்கீலைப் பாருங்கள். இல்லாவிட்டாலும் வக்கீலைத்தான் பார்க்க வேண்டும். சான்று, ஏற்றுவதற்கு முன்!

பச்சைக்கிளி ஒன்றே ஒன்று வளர்க்கலாமா? (களக்காடு)

1972 வனவிலங்குச் சட்டப்படி ஒன்றும் குற்றமே. வனத்துறையிடம் ஒப்படையுங்கள். லவ் பேர்ட்ஸ் வேறு கணக்கு.

வண்டி மாட்டுக்கு ஓய்வு நேரம் உண்டா? (சேரன்மகாதேவி)

உண்டு. வேலை வாங்குவது நாளுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஒரே மூச்சில் ஐந்துக்கு மேல் கூடாது. 37 டிகிரி தாண்டும் ஊர்களில் பகல் 12 முதல் 3 வரை பூட்டக் கூடாது. நமக்குப் பங்குனியிலேயே அந்தக் கணக்கு வந்துவிடும்.

மாட்டிக்கொண்டால் அபராதம் எவ்வளவு? (பெயர் போடவில்லை)

1960 மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் முதல் முறைக்கு 10 முதல் 50 ரூபாய். அச்சுப் பிழை இல்லை. அறுபது வருஷத்துக்கு மேல் அப்படியே கிடக்கிறது. ஆனால் துணிந்துவிடாதீர்கள்: வண்டி நிற்கும், ஆடு காப்பகம் போகும், தீவனச் செலவு உங்கள் தலையில் விழும்.

காவலுக்கு வாங்கிய சிப்பிப்பாறை, கட்டிய இடத்தில் ஓயாமல் குரைக்கிறது. (திசையன்விளை)

ஓடப் பிறந்த நாய், பின்னே என்ன செய்யும்? காலையும் மாலையும் ஓட விடுங்கள். எந்நேரமும் கட்டிப்போட்டு நடக்க விடாமல் வைப்பதும் அதே 11ஆம் பிரிவுதான். சங்கிலி குட்டையாக இருந்தால் அது தனிக் குற்றம்.