சிங்கப்பூர்ல நாலு மாச சம்பளம் பாக்கி, ஞாயித்துக்கிழமை டிக்கெட்

மன்னார்குடி பக்கத்துல இருந்து போய் சிங்கப்பூர்ல கட்டட வேலை பாக்குற தம்பி எழுதியிருக்கார். ஐபிஏ-ல (வேலைக்கு போறதுக்கு முன்னாடி சிங்கப்பூர் அரசு குடுக்குற அனுமதிக் கடிதம், சம்பளம் அதுல இருக்கும்) மாசம் பேசிக் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), நாலு மாசமா வரல, சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி திட்றார், ரூம்ல மூட்டப்பூச்சி, இப்ப 1500 தரோம் கையெழுத்து போட்டுட்டு ஞாயித்துக்கிழமை கிளம்புன்னு கம்பெனி சொல்லுது. ஊருக்கு வந்து மெட்ராஸ்ல கேஸ் போடலாமான்னு கேக்குறார்.

தம்பி, திட்டினதையும் மூட்டப்பூச்சியையும் ஓரமா வைங்க. கிளம்புறதுக்குள்ள டிஏடிஎம்-ல (சிங்கப்பூர்ல சம்பளத் தகராறுக்கு சமரசம் பேசுற அமைப்பு) உங்க சம்பளப் புகார் பதிவாகணும், விஷயம் அவ்வளவுதான். இங்க கேஸ் போட்டு ஒரு பிரயோஜனமும் இல்ல. அங்க புகார் குடுக்க சட்டப்படி வேலைய விட்டு 6 மாசம் வரைக்கும் டைம் இருக்கு, ஆனா ஊர்ல உக்காந்துகிட்டு போன்ல கேஸ் நடத்துறது எவ்வளவு கஷ்டம்னு நான் பாத்திருக்கேன். நம்ம கவர்மெண்ட் எமிக்ரேஷன் கிளியரன்ஸ் கேக்குற 18 நாட்டுல மலேசியா இருக்கு, சிங்கப்பூர் இல்ல, அதனால உங்க ஒப்பந்தத்த இங்க யாரும் சரிபாத்து அனுப்பல.

நான் பயப்படுறது அந்த பேப்பருக்குத்தான். ஐபிஏ-ல போட்ட சம்பளத்த நீங்க எழுத்துல ஒத்துக்காம, எம்ஓஎம்-க்கும் (சிங்கப்பூர் மனிதவள அமைச்சகம்) சொல்லாம முதலாளி குறைக்க முடியாது, அதான் உங்க கையில இருக்குற ஒரே பலம். குறைக்க சம்மதம்னோ முழுசா வாங்கிட்டேன்னோ எழுதின பேப்பர்ல, இல்ல வெறும் பேப்பர்ல, அவசரத்துல கையெழுத்து போட்டா அந்த பலத்த நீங்களே தூக்கி அவங்க கையில குடுக்குற மாதிரி. படிக்காம கையெழுத்து போட்டுட்டு அப்புறம் என்கிட்ட வந்து அழுத பசங்க நிறைய பேர், எனக்கு வயிறு எரியும். வலுக்கட்டாயமா ஏர்போர்ட் கூட்டிட்டு போனாலும் இமிக்ரேஷன் கவுண்டர்ல சம்பள புகார் இருக்குன்னு அதிகாரிகிட்ட வாய்விட்டு சொல்லுங்க.

அடுத்த குழி வெளிவேலை. வேலை பெர்மிட் கேன்சலாகி ஸ்பெஷல் பாஸ்ல (புகார் முடியுற வரைக்கும் அங்க தங்க குடுக்குற தற்காலிக அனுமதி) காத்திருக்குறப்ப கையில காசு இருக்காது, யாராவது ஒரு நாள் வேலைக்கு கூப்பிடுவாங்க, அனுமதி இல்லாம போயிடாதீங்க. வேலைக்கான பாஸ் இல்லாம வேலை பாத்தா 20,000 வெள்ளி வரைக்கும் அபராதம், இல்லன்னா 2 வருஷம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேத்தும் குடுக்கலாம். முதலாளி சம்பளம் தராதது ஒரு பக்கம் அப்படியே நிக்க, நீங்க குற்றவாளி ஆயிடுவீங்க. பெர்மிட்ட ஒரே முதலாளியோட கட்டிப்போட்ட கொள்கைதான் இதுக்கெல்லாம் காரணம், அது அநியாயம்னு நானும் சொல்றேன், ஆனா உங்க கேஸ்ல அத வாதாடி ஜெயிக்க முடியாது.

பேசி முடிங்க. பாக்கி 3200, சமரசத்துல 2500 தரேன்னா வாங்கிக்கோங்க, ஊர்ல கடனுக்கு வட்டி ஏறிட்டே இருக்கும்ல. கூடவே வேற முதலாளிகிட்ட மாற அனுமதி கேளுங்க, கிடைச்சா விட்டுக்குடுத்த 700 வெள்ளிய விட பெரிசு. பணம் பேங்க்ல ஏறின அப்புறம்தான் வாங்கிட்டேன்னு கையெழுத்து. ஐபிஏ, பேங்க் ஸ்டேட்மென்ட், டைம் கார்டு மூணையும் இன்னைக்கு ராத்திரியே போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிடுங்க, நாளைக்கு விடிஞ்சதும் புகார் குடுங்க.