பழைய டிரையம்ப், இன்றைய சாலை: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் வண்டி 1967 டிரையம்ப் 650, 12 வோல்ட். நாலைந்து சிவப்பு விளக்கில் நின்று கிளம்புவதற்குள் ஹெட்லைட் மங்கிவிடுகிறது. புது பேட்டரி போட்டும் அதே கதை. 60/55 வாட் எச்4 ஹாலஜன் பல்ப் போட்டால் வெளிச்சம் கூடுமா?
– ஈசூன் வாசகர்

பதில்: எச்4 வேண்டாம், இருக்கும் மின்சாரப் பற்றாக்குறையை இன்னும் கூட்டும். சிங்கப்பூரில் மோட்டார் சைக்கிளுக்குப் பகலிலும் ஹெட்லைட் எரிந்தாக வேண்டும். அந்தக் காலத்து 50/40 வாட் பல்புக்கே 4 ஆம்பியர் போகிறது. பாயிண்ட் இக்னிஷனுக்கு, அதாவது தீப்பொறி தரும் பழைய அமைப்புக்கு, 3 முதல் 4. பிரேக்கை மிதித்துக்கொண்டு நின்றால் 21 வாட் பிரேக் விளக்குக்கு இன்னும் 1.75. மொத்தம் 10 ஆம்பியரைத் தொடுகிறது. மின்சாரம் தயாரிக்கும் பழைய லூகாஸ் ஆல்டர்னேட்டர் அந்த 10-ஐ இன்ஜின் நிமிடத்துக்கு 5000 சுற்றை எட்டும்போதுதான் தரும். ஐட்லிங்கில் அதில் சிறு பங்குதான் வரும், மிச்சத்தைப் பேட்டரிதான் கொடுக்கிறது. அதை எத்தனை தடவை மாற்றினாலும் இதுதான் நடக்கும்.

முதலில் பின் விளக்கையும் பிரேக் விளக்கையும் எல்இடிக்கு மாற்றுங்கள். உங்கள் வண்டி பாசிடிவ் எர்த் (பேட்டரியின் பாசிடிவ் முனை சட்டத்தோடு இணைந்தது) என்பதால் அதற்கென்று வரும் எல்இடியாகக் கேட்டு வாங்குங்கள். சாதாரண எல்இடி எரியாது.  சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு எல்இடி போட்டால்தான் பிரகாசம் கிடைக்கும்.

அடுத்தது ஸ்டேட்டர், அதாவது ஆல்டர்னேட்டரின் சுழலாத கம்பிச்சுருள் பகுதி. 14.5 ஆம்பியர் தரும் த்ரீ-ஃபேஸ் ஸ்டேட்டர் பழையது இருந்த இடத்திலேயே உட்காரும், குறைந்த சுற்றிலும் நன்றாக சார்ஜ் செய்யும். கூடவே த்ரீ-ஃபேஸ் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர் வேண்டும். பழைய ரெக்டிஃபையரையும், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ஸெனர் டயோடையும் முழுதாகக் கழற்றிவிடுங்கள். பலரும் ஸெனரை இணைப்பிலேயே விட்டுவிட்டு, புது ரெகுலேட்டர் சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டுகிறார்கள்.

மூடியைப் போடுமுன், ஸ்டேட்டருக்குள் சுழலும் காந்தமான ரோட்டரைச் சுற்றி எல்லாப் பக்கமும் 0.2 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) தடையின்றிப் போகிறதா என்று பாருங்கள். ரோட்டரின் நடுக் குழல் தளர்ந்திருந்தால் ‘டக் டக்’ என்று சத்தம் வரும். அதைக் கேட்டு பிக்-எண்ட் (கிராங்கைப் பிடிக்கும் பேரிங்) போய்விட்டது என்று இன்ஜினையே பிரித்தவர்கள் உண்டு.

ஃபியூஸ் பற்றி ஒரு வார்த்தை. பழைய லூகாஸ் ஃபியூஸில் 35 ஆம்பியர் என்று போட்டிருக்கும். அது அறுந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான். இன்றைய பிளேடு ஃபியூஸ் என்றால் 15 அல்லது 20 போதும்.

கேள்வி: முன்னால் போகும் கார் சட்டென்று நின்றால் என் வண்டி நிற்கமாட்டேன் என்கிறது. முன் சக்கரத்தில் 8 அங்குல டிரம். டிஸ்க் பிரேக் போட்டுவிடலாமா?
– பொங்கோல் வாசகர்

பதில்: டிஸ்க்குக்குப் போகுமுன் இருக்கும் டிரம்மிடம் முழு வேலை வாங்குங்கள். டிரம்மின் உள்ளே அழுத்தும் புது ஷூவை அப்படியே மாட்டினால் அதன்மேல் ஒட்டிய லைனிங்கின் நடுப்பகுதியோ நுனியோ மட்டும்தான் டிரம்மில் உரசும். கொஞ்சம் கனமான லைனிங் ஒட்டி, உங்கள் டிரம்மின் உள்விட்டத்துக்கு ஏற்ப ஷூவைக் கடைந்து தரச் சொல்லுங்கள். டிரம் முட்டை வடிவாகியிருந்தால் அதை முதலில் கடைய வேண்டும்.

மாட்டும்போது ஆக்சில் நட்டை இறுக்கிவிடாதீர்கள். சக்கரத்தைச் சுழற்றி, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே இறுக்குங்கள். ஷூக்களைத் தாங்கும் பிளேட் தானாக மையத்துக்கு வரும். பிரேக் பிடித்த நிலையில் கேபிளும், அது இழுக்கும் டிரம் பக்கத்து பிரேக் கையும் 90 பாகையில் நிற்க வேண்டும். கோணம் விரிந்துபோனால் எவ்வளவு இழுத்தாலும் பலம் ஷூவுக்குப் போய்ச் சேராது. பழைய கேபிள் பஞ்சு போல அமுங்கும், அதையும் மாற்றிவிடுங்கள்.

இதற்கும் மேல் வேண்டுமென்றால், 1968 மாடலில் டிரையம்ப் கொண்டுவந்த இரட்டை லீடிங் ஷூ பிரேக் (சக்கரம் சுழலும் வேகமே இரண்டு ஷூவையும் டிரம்மில் இன்னும் அழுத்தும் வகை) இருக்கிறது. பிளேட்டை மட்டும் தேடாமல் சக்கரத்தோடு சேர்த்து வாங்குங்கள். இரண்டு ஷூவின் கைகளையும் சேர்க்கும் இணைப்புக் கம்பியைக் கழற்றி, இரண்டு ஷூவும் ஒரே நேரத்தில் தொடும்படி நீளத்தைச் சரிசெய்த பிறகே மாட்ட வேண்டும். ஒரு குறை: வண்டி பின்னால் உருளும்போது இந்தப் பிரேக்குக்குப் பிடிப்பு குறைவு. பலமாடி கார்நிறுத்துமிடத்தின் ஏற்றத்தில் நிற்கும்போது பின் பிரேக்கில் கால் இருக்கட்டும்.

முன் பிரேக்கைப் பிடித்தால் உங்கள் பிரேக் விளக்கு எரிகிறதா? இல்லையென்றால் கேபிளின் நடுவே பொருத்தும் சுவிட்ச் ஒன்று போடுங்கள். பின்னால் வரும் லாரிக்காரருக்கு அது தெரிய வேண்டும்.

கேள்வி: தீவு விரைவுச்சாலையில் இன்ஜின் சுற்று குறைய, கியர்பாக்ஸில் செயினை ஓட்டும் 19 பல் ஸ்ப்ராக்கெட்டை 20 ஆக்கலாமா? இதுவும் 650 டிரையம்ப்தான். நெரிசலில் சூடும் அதிகம்.
– ஜூரோங் வாசகர்

பதில்: தேவையில்லை. டாப் கியரில் மணிக்கு 90 கிலோமீட்டரில் உங்கள் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 3500 சுற்றுதான் ஓடுகிறது. 20 பல் போட்டால் அதில் 170 சுற்றுபோலக் குறையும். பதிலுக்கு முதல் கியரும் நீளமாகி, நெரிசலில் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் கிளட்ச் கூடுதலாக வழுக்கும்.

சூட்டுக்கு முதலில் இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தைப் பாருங்கள். ஸ்ட்ரோப் (டைமிங் பார்க்கும் மின்னும் விளக்கு) விளக்கில் முழு அட்வான்ஸ், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வருமுன் தீப்பொறி விழும் அளவு, 38 பாகை காட்ட வேண்டும். பின்தங்கியிருந்தால் சைலன்சர் குழாய் நீலமாகும். எலக்ட்ரானிக் இக்னிஷன் நல்லதுதான், ஆனால் வோல்டேஜ் இறங்கினால் சில வகைகளில் டைமிங் தடுமாறும். சார்ஜிங்கைச் சரிசெய்தபின் போடுங்கள். இன்ஜின் ஆயில் 20டபிள்யூ-50 ஊற்றுங்கள்.

கேள்வி: இதற்கெல்லாம் அனுமதி வேண்டுமா?
– தோ பாயோ வாசகர்

பதில்: லைனிங், கேபிள், ஸ்டேட்டர் எல்லாம் பராமரிப்பு வகை. இன்ஜின், புகைபோக்கி மாற்றங்களுக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி தேவை. ஹெட்லைட்டை எல்இடியாக்குவது, டிஸ்க் பிரேக் போடுவது போன்றவற்றை ஆணையத்திடம் கேட்டுவிட்டே செய்யுங்கள். பொருளை வாங்கியபிறகு கேட்பதில் பயனில்லை.